கடைசி நொடி – 14: முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து

2007 ஜனவரி 1, இரவு. அரிசோனாவின் கிளெண்டேல் மைதானம். ஓக்லஹோமா 42, பாய்சி ஸ்டேட் 41. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் பாய்சிக்கு ஒரு புள்ளி. ஆட்டம் சமனாகி இன்னும் நீளும். உதைக்காமல், மூன்று கெஜம் தள்ளியிருக்கும் கோட்டைத் தாண்டினால் இரண்டு புள்ளி, அங்கேயே வெற்றி. தாண்ட முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தலைமைப் பயிற்சியாளராக கிறிஸ் பீட்டர்சனுக்கு அது முதல் பருவம். அவர் உதைக்கச் சொல்லவில்லை.

ஏன் என்று புரிய, இந்த 'பௌல்' ஆட்டங்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பருவம் முடிந்த பிறகு நடக்கும் திருவிழா ஆட்டங்கள் அவை. (கால்பந்து என்று பெயர்தான்; பந்து பெரும்பாலும் கையில்தான்.) அன்றைய முறைப்படி பட்டத்துக்கு மோதப்போகும் இரண்டு அணிகளை வாக்கெடுப்பும் கணினியும் தேர்ந்தெடுத்தன. மற்றவர்களுக்கு ஃபியஸ்டா பௌல் போன்ற விருந்துகள். ஐடஹோ மாநிலத்து பாய்சி, 1996-ல்தான் பெரிய பிரிவுக்கே வந்த கல்லூரி. வெளியூரில் அதை அறிந்தவர்களுக்கும் நீல நிறத்தில் புல் விரித்த மைதானம்தான் ஞாபகம் வரும். எதிரே ஏழு தேசியப் பட்டங்கள் வென்ற ஓக்லஹோமா. 12 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் வந்திருந்தும், பாய்சியை ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டதாகவே பலரும் நினைத்தார்கள்.

மூன்றாம் கால் பகுதியில் பாய்சி 28–10 என முன்னே போனது. அத்தோடு ஆட்டம் முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலையில்லை. ஓக்லஹோமா துரத்தி வந்து, 1 நிமிடம் 26 நொடி மிச்சமிருக்கும்போது 28–28 என்று நிறுத்தியது. பாய்சியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜாரெட் ஸப்ரான்ஸ்கி அடுத்து எறிந்த முதல் பந்தையே ஓக்லஹோமாவின் மார்கஸ் வாக்கர் பறித்துக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டுவிட்டார். 35–28.

18 நொடி மிச்சம். நான்காவது, கடைசி வாய்ப்பு. பந்தைத் தக்கவைக்கவே 18 கெஜம் வேண்டும். கோடோ 50 கெஜம் தள்ளி. பாய்சி தன் 'சர்க்கஸ்' திட்டத்தை எடுத்தது. டிரிசான் ஜேம்ஸ் பந்தைப் பிடித்துக் குறுக்கே ஓட, காவல்காரர்கள் மொத்தமாக அவர் மேல் பாய, எதிர்த்திசையில் வந்த ஜெரார்ட் ராப் கைக்குப் பந்து மாறியது. ராப் ஓடிக் கோட்டுக்குள் விழுந்தபோது ஏழு நொடிதான் பாக்கி.

ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரம். காரை எலும்பு முறிவிலிருந்து மீண்டு வந்த ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே 25 கெஜம் பாய்ந்து கோட்டைத் தொட்டார். பாய்சியும் இன்னொரு நான்காவது வாய்ப்பில் பந்து எறிய வேண்டியவரை விட்டுவிட்டு, பிடிக்க வேண்டிய வின்னி பெரட்டாவை எறியவைத்துப் பதில் சொன்னது. அதன் பிறகு உதைக்க வேண்டாம் என்ற பயிற்சியாளரின் முடிவைப் பலர் துணிச்சல் என்பார்கள். எனக்கு அது கணக்காகவே படுகிறது. ஆட்டம் நீள நீள உடல்பலம் பேசும். அது ஓக்லஹோமா பக்கம்தான் அதிகம். சூழ்ச்சி ஒன்று மிச்சமிருக்கும்போதே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

அந்தச் சூழ்ச்சிக்குப் பெயர் 'சுதந்திர தேவி சிலை'. தாத்தா காலத்து வித்தை. ஸப்ரான்ஸ்கி வலப்பக்கம் எறிவதுபோல் கையை வீசினார். அந்தக் கையில் பந்தே இல்லை. முதுகுக்குப் பின்னால் இடது கை நீட்டிய பந்தை வாங்கிக்கொண்டு இயன் ஜான்சன் இடப்பக்கமாக ஓடினார். அவரை யாரும் தொடக்கூட இல்லை. 43–42.

அதே வேகத்தில், தன் காதலியான சியர்லீடர் முன் மண்டியிட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டார் ஜான்சன். அவர் கேட்பதற்கு முன்பே தொலைக்காட்சி நிருபர் நேரலையில் விஷயத்தைப் போட்டு உடைத்தது தனிக்கதை. அந்தப் பெண் சம்மதித்தார்.

ஒரு வாரம் கழித்து, அதே மைதானத்தில், பருவத்தில் ஒரு முறை தோற்றிருந்த ஃபுளோரிடா பட்டம் வாங்கியது. பதின்மூன்றும் வென்ற பாய்சிக்கு ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் ஐந்தாம் இடம். பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு 2024-ல், 12 அணிகள் ஆடும் புதிய முறையில்தான் வாய்த்தது. காலிறுதி கிளெண்டேலில், அதே ஃபியஸ்டா பௌலாக நடந்தது. பென் ஸ்டேட் 31, பாய்சி 14.