விமானியும் தராசும்

ஆகாயத்தில் விமானத்தின் ஓசை கேட்டால் அண்ணாந்து பார்க்காத பிள்ளை நமது தேசத்தில் உண்டோ? மண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது அன்றாடக் காட்சி. மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்கள் எங்கள் வானத்து ஓரத்தில் தென்பட்டுக்கொண்டே இருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் முன்பு ஏர் உழுத நிலங்களில் இப்போது மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகின்றன. வல்லம் வடகாலில் விமான உறுப்புகளைச் செய்வதற்கென்றே ஒரு தொழிற்பூங்கா அமைத்திருக்கிறார்கள். ஆகவே, "நீ என்னவாகப் போகிறாய்?" என்று வகுப்பில் கேட்டால், "விமானி" என்று ஒரு பையன் பதில் சொல்வதில் வியப்பொன்றும் இல்லை.

சென்ற வருஷம் நான் கணிதம் போதிக்கும் வகுப்பில் அப்படித்தான் ஒரு பையன் எழுந்து நின்று சொன்னான். சற்றுப் பருத்த சரீரம் உடையவன், கணக்கிலே கெட்டிக்காரன். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் வகுப்பு சிரித்தது. உபாத்தியாயரான நான் அந்தச் சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, "நீ ஏறினால் விமானம் எழும்புமா, அப்பா?" என்று நானும் ஒரு வார்த்தை சேர்த்தேன். சிரிப்பு இரட்டித்தது. பையனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். அத்துடன் அந்த விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

பத்து நாளைக்கெல்லாம் காலைப் பிரார்த்தனையின்போது அவன் மயங்கி விழுந்தான். மறுநாள் அவன் தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "ராத்திரியில் சாதத்தைத் தொடுவதே இல்லை, ஸார். காலையிலும் வெறும் காபிதான். விமானம் ஓட்டுகிறவன் இத்தனை கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாதாமே? நீங்களாவது சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றாள். நான் சொன்ன வார்த்தையைக் கேட்டுத்தான் அவன் பட்டினி கிடக்கிறான் என்பதை அந்த அம்மாள் அறியவில்லை. எனக்கோ அவள் கேள்விக்கு விடையும் தெரியவில்லை. விமானிக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டா? இருந்தால் அது யார் போட்ட கணக்கு? வெட்கத்தினால் தொடங்கிய அந்த விசாரணையின் பலனையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னுடைய பரிகாசத்தையே எடுத்துக்கொள்வோம். ஏர்பஸ் 320 என்னும் பிரயாணி விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போது சுமார் 78 ஆயிரம் கிலோ எடை வரை தாங்கும். அதை ஓட்டுகிறவர் 20 கிலோ கூடுதலாக இருந்தால் அந்த யந்திரத்துக்கு அது தூசு. ஆனால் ஓட்டக் கற்றுக்கொள்ளும் சிறிய விமானத்தின் கதை வேறு. செஸ்னா 152 என்னும் இருவர் விமானத்தின் மொத்த எடை 757 கிலோவுக்கு மேற்படக் கூடாது. வெறும் விமானமே ஏறக்குறைய 500 கிலோ. மிச்சமுள்ள 250 கிலோவுக்குள் மாணவர், ஆசிரியர், பெட்ரோல் மூன்றும் அடங்க வேண்டும். இருவரும் பருத்தவர்களாயிருந்தால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். அல்லது பெரிய விமானத்தைத் தேட வேண்டும். இது யந்திரத்தின் கணக்கு; மனிதனுடைய யோக்கியதையைப் பற்றிய தீர்ப்பு அன்று.

வைத்தியர்கள் எடை பார்ப்பதன் காரணம் வேறு. நமது தேசத்தில் விமானி உத்தியோகத்துக்குப் போகிறவர், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஏற்றுக்கொண்ட வைத்தியரிடம் முதலில் இரண்டாம் வகுப்புப் பரிசோதனையில் தேற வேண்டும். பின்பு முதல் வகுப்புப் பரிசோதனை. உயரம், எடை, இரத்த அழுத்தம், இருதயத்தின் மின்வரைபடம், இரத்தத்தில் சர்க்கரை, கண், காது எல்லாம் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கண்ணும், கண்ணாடி அணிந்தாவது, 6/9 அளவுக்குத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நிறங்களைப் பிரித்தறியும் சக்தியும் வேண்டும். இந்தப் பரிசோதனை கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல் ஒரு தடவையோடு தீர்வதன்று. உத்தியோகத்தில் இருக்கும் காலமெல்லாம் வருஷந்தோறும், சிலருக்கு வயது ஏறியபின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், இது திரும்பத் திரும்ப வரும்.

எங்கள் ஊருக்கு அருகில் செல்லும் நெடுஞ்சாலையிலேயே நேரே மேற்கில் போனால் பெங்களூர் வரும். அங்கே 1957-இல் தொடங்கிய விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம் இத்தகைய பரிசோதனைகளுக்குப் பெயர்பெற்ற இடம். நமது தேசத்தின் ககன்யான் விண்வெளிப் பயணத்துக்கு வீரர்களைப் பொறுக்கி எடுத்ததும் அங்கேதான். 2024 பிப்ரவரியில் அந்த நால்வரின் பெயர்களும் வெளியாயின. அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பதை அறிந்து நம்மவர்கள் பூரித்தது நியாயமே.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். உலக தேசங்கள் சேர்ந்து நடத்தும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் விமானிகளின் தேக நிலையைப் பற்றிப் பல விதிகள் செய்திருக்கிறது. அவற்றில் 'விமானி இத்தனை கிலோதான் இருக்க வேண்டும்' என்று ஒரு விதி இல்லை. விமானியின் ஆசனத்தில் இருக்கும்போது இந்த உடம்பு திடீரென்று கைவிட்டுவிடுமா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. மேல்நாட்டு விமான வைத்தியர்கள் பலர் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு வருஷ காலத்தில் திடீரெனச் செயலற்றுப் போகக்கூடிய வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கு மிஞ்சக் கூடாது என்பதே அது. எடை அந்தக் கேள்விக்கு விடையன்று. விடையை எங்கே தேடுவது என்று காட்டும் கைகாட்டி மரம்.

அந்தக் கைகாட்டி ஏன் அவசியம் என்பதற்கு உலக அனுபவமே சாட்சி. 2008 பிப்ரவரியில் ஹவாய்த் தீவுகளில் ஒரு விமானம் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிச் சமுத்திரத்தின்மேல் போய்க்கொண்டே இருந்தது. தரையிலிருந்து கூப்பிட்டவர்களுக்குப் பதினெட்டு நிமிஷம் பதிலே இல்லை. ஓட்டியவர் இருவரும் உறங்கிவிட்டார்கள்! பிறகு பரிசோதித்ததில், தலைமை விமானிக்கு உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருப்பது தெரிந்தது. இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கியவனைப் பகலிலும் சோர வைக்கும் நோய் அது. பருத்தவர்களுக்கு அதிகமாக வருவது, மெலிந்தவர்களையும் விட்டுவைப்பதில்லை. மிகையான பருமனோடு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருதய நோயும் உறவு கொண்டாடி வருவதை நாம் அறிவோம். தவிரவும், உயரப் பறக்கும் விமானத்தின் உள்ளே காற்று 8,000 அடி மலைமீது இருப்பதுபோல் மெலிந்திருக்கக்கூடும். பழுதான இருதயத்துக்கு அது கூடுதல் சுமை.

ஆனால் கைகாட்டி மரத்தையே ஊர் என்று எண்ணலாகாது. 1972 ஜூன் 18-ஆம் தேதி லண்டனுக்கு அருகில் ஸ்டெயின்ஸ் என்னும் ஊரில் ஒரு விமானம் விழுந்து 118 பேரும் மாண்டார்கள். தலைமை விமானியின் உடலைச் சோதித்தபோது அவருடைய இருதய இரத்தக் குழாய்கள் நோயுற்றிருந்தது தெரிந்தது. அவர் முறைப்படி வைத்தியப் பரிசோதனைகளில் தேறி வந்தவரே. தராசும் மின்வரைபடமும் காட்டாத நோய் உள்ளே ஒளிந்திருந்தது.

இன்னொரு சம்பவம் நம்மவர் அனைவரும் அறிய வேண்டியது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தைக் காண இப்போது எல்லா வைத்தியர்களும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். கிலோ கணக்கில் எடையை, மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.70 மீட்டர் உயரமும் 65 கிலோ எடையும் உள்ளவருக்கு 22.5 வரும். இந்தக் கணக்கை முதலில் வகுத்தவர் பெல்ஜிய தேசத்து வானசாஸ்திரி கெத்தலே. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் ஜன சமூகத்தின் சராசரியை ஆராய்ந்தவரேயன்றித் தனி மனிதனின் நாடி பார்த்தவர் அல்லர். 2004-இல் புனா நகரத்து வைத்தியர் யாஜ்னிக் என்பவரும் ஆங்கில வைத்தியர் யுட்கின் என்பவரும் தங்களையே அளந்து பார்த்து முடிவை வெளியிட்டார்கள். இருவருக்கும் அந்தக் கணக்கில் ஒரே விடை, 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, நமது வைத்தியரின் உடம்பில் நூற்றுக்கு 21.2! தராசில் சமமாய் நின்றவர்கள் உள்ளே சமமாக இல்லை. மெலிந்த தேகத்திலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வது நம் ஜனங்களுக்கு வாய்த்த குறை. ஆகையால்தான் இந்தியருக்கு 23-லிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்று நமது வைத்திய நிபுணர்கள் சொல்கிறார்கள். 'என் பிள்ளை ஒல்லி. அவனுக்கு ஒன்றும் வராது' என்று நெய்யும் இனிப்புமாக ஊட்டும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விதி செய்கிறவர்களும் இந்த உண்மையைச் சிறிது சிறிதாக உணர்ந்து வருகிறார்கள். அமெரிக்காவில் 2013-இல், இந்தக் கணக்கில் 40-க்கு மேற்பட்ட விமானிகள் எல்லாரும் உறக்க நோய்க்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. விமானிகள் எதிர்த்தார்கள். 2015-இல் வந்த விதி ஒரே எண்ணைப் பற்றிக்கொள்ளாமல் பல அறிகுறிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிற்று. இன்ஸுலின் போட்டுக்கொள்பவர் வர்த்தக விமானம் ஓட்டவே கூடாது என்றிருந்த இங்கிலாந்து, 2012 முதல் கடுமையான நிபந்தனைகளோடு சிலரை அனுமதிக்கத் தொடங்கியது.

நமது தேசத்தில் எடை பற்றிய வழக்கு பெரிதாக எழுந்தது விமானிகளால் அன்று, விமானப் பணிப்பெண்களால். எடை மிகுந்தவர்களைத் தரையில் நிறுத்தியது செல்லும் என்று 2008-இல் டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 2014-இல் பணியாளர்களுக்கு வகுத்த அளவின்படி ஆண்களுக்கு 25 வரையிலும் பெண்களுக்கு 22 வரையிலும் சரியானது. மறு வருஷம் ஏர் இந்தியாவில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இதனால் பறக்க முடியாத நிலைக்கு வந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆபத்து வேளையில் பிரயாணிகளை 90 விநாடியில் வெளியேற்ற முடியும்படி விமானங்கள் அமைக்கப்படுகின்றன. அதை நடத்திவைக்கும் பணியாளருக்குச் சுறுசுறுப்பு அவசியந்தான். எனினும் சுறுசுறுப்பை அறிய வேண்டுமானால் ஓடச் சொல்லியும் கதவைத் திறக்கச் சொல்லியும் பார்க்கலாமே! தராசு மட்டும் போதுமென்றால், அளக்கப்படுவது கடமைக்கு வேண்டிய தகுதியா, கண்ணுக்கு வேண்டிய அழகா என்ற சந்தேகம் எழத்தான் செய்யும்.

சுதேச விமானப் போக்குவரத்தின் தந்தை ஜே. ஆர். டி. டாட்டாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1929-இல் இந்தியாவில் முதன்முதலாக விமானி லைசென்ஸ் பெற்றவர் அவர். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்தார். சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 1982-இல், தமது 78-ஆம் வயதில் அதே யாத்திரையைத் தாமே தனியாக ஓட்டி நடத்தினார். பத்து நாள் பட்டினியால் வந்த உடம்பு அன்று அது. பல வருஷ ஒழுங்கினால் காத்த உடம்பு.

இதைத்தான் அந்தத் தாயாருக்கும் சொன்னேன். அவள் மகன் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், தினமும் ஓடியாட வேண்டும். பட்டினியினால் எடை குறையலாம். ஆனால் மயங்கி விழுகிறவனை எந்த வைத்தியரும் விமானத்தில் ஏற்ற மாட்டார். பரிசோதனையில் குறை கண்டாலும் உடனே கதவு அடைபடுவதில்லை; 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று சொல்லி, சரி செய்துகொண்டு திரும்பி வர அவகாசம் கொடுக்கும் வழக்கமும் உண்டு. முதற் காரியமாக அவனை ஒரு நல்ல வைத்தியரிடம் காட்டி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கண்ணும் பார்த்துவிடச் சொன்னேன். லட்சக்கணக்கில் பணம் கட்டிப் பறக்கும் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே பரிசோதனையை முடித்துக்கொள்வதுதான் விவேகம் என்பதை எல்லாப் பெற்றோரும் நினைவில் வைக்க வேண்டும்.

வகுப்பிலே செய்த பிழைக்கு வகுப்பிலேதான் பிராயச்சித்தம். மறுநாள் செஸ்னா விமானத்தின் எடைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, அந்தப் பையனையே எழுந்து வந்து போடச் சொன்னேன். பிழையில்லாமல் போட்டான். பிறகு, "அன்று நான் சொன்னது தப்பு. விஷயம் தெரியாமல் சொன்னேன்" என்று எல்லாருக்கும் முன்பாக ஒப்புக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இப்போது சாயங்காலங்களில் அவன் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான். முதல் வாரம் இரண்டு சுற்று, இன்றைக்கு ஏழு. இரவில் சாதம் சாப்பிடுகிறான் என்று தாயார் சொல்லியனுப்பினாள். விமானி ஆவானோ மாட்டானோ, அதை அவன் கண்ணும் காதும் இருதயமும் வைத்தியரிடம் சொல்லட்டும். வகுப்பு உபாத்தியாயர் சொல்ல வேண்டியதில்லை.