நெல் விலைக் கணக்கில் ஒளிந்திருக்கும் பிள்ளைகள்

2024 மார்ச் 7 அன்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தில் சில புகைப்படங்கள் காட்டப்பட்டன. ஹரியானா அரசுத் தரப்பு கொடுத்த படங்கள். விவசாயிகள் போராட்டத்தில் குழந்தைகளும் இருப்பது அதில் தெரிந்தது. பொறுப்பு தலைமை நீதிபதி ஜி.எஸ். சந்தாவாலியா தலைமையிலான அமர்வு கடுமையாகப் பேசியது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகளை முன்னால் நிறுத்திக் கேடயமாக்குவது வெட்கக்கேடு என்கிற பொருளில். அதே நாளில்தான், கனௌரி எல்லையில் பிப்ரவரி 21 அன்று இறந்துபோன சுப்கரன் சிங் என்ற இளைஞரின் மரணத்தை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் அந்த அமர்வு உத்தரவிட்டது.

செய்தியைப் படிச்ச உடனே எனக்கும் நீதிபதிகள் சொல்வது சரின்னுதான் பட்டது. வீட்டில் ஏழாவது படிக்கிற பையன் இருக்கான். அவனைக் கண்ணீர்ப்புகைக்கு நடுவில் கூட்டிட்டுப் போவேனா? மாட்டேன்.

ஆனால் அந்த வாரம் நான் வேறொரு வேலையில் இருந்தேன். குறைந்தபட்ச ஆதரவு விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று புரிந்துகொள்ள, எண்களை ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். (சாஃப்ட்வேர்காரனுக்கு எதுவும் ஷீட்டில் வந்தால்தான் புரியும்.) அதில் ஒரு கட்டத்தில் இரண்டே எழுத்து: எஃப்.எல். அதைப் பார்த்த பிறகு அந்தப் புகைப்படங்களை எனக்கு வேறு மாதிரி பார்க்கத் தோன்றியது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் விலைக் கணக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்க, கஷ்டமில்லை.

வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் ஒவ்வொரு பயிருக்கும் உற்பத்திச் செலவைக் கணக்கிடுகிறது. அதில் மூன்று அடுக்கு உண்டு. விதை, உரம், பூச்சிமருந்து, டீசல், கூலியாள், குத்தகை என்று கையை விட்டுப் போன பணம் எல்லாம் சேர்ந்தது ஏ2. அதோடு வீட்டு ஆட்கள் வயலில் செய்த வேலைக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் ஏ2 பிளஸ் எஃப்.எல். எஃப்.எல். என்றால் குடும்ப உழைப்பு. யாரும் கையில் காசு வாங்காத உழைப்பு. அந்த வேலைக்கு வெளியாள் வைத்திருந்தால் என்ன கூலி ஆகியிருக்கும் என்கிற மாதிரியான மதிப்பீடு அது. அதற்கும் மேலே சொந்த நிலத்துக்கு வாடகை, முதலீட்டுக்கு வட்டி ஆகியவற்றைச் சேர்த்தால் சி2.

2023-24 சம்பா-குறுவைக்கு... மன்னிக்கவும், டெல்லிக் கணக்கில் அது காரிஃப் பருவம். அந்த ஆண்டு நெல்லுக்கு ஏ2 பிளஸ் எஃப்.எல். குவிண்டாலுக்கு 1,455 ரூபாய். அதன் மேல் 50 சதவீதம் போட்டால் 2,182 ரூபாய் 50 காசு. அரசு அறிவித்த விலை 2,183. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. சி2 அந்த ஆண்டு 1,911. அதன் மேல் 50 சதவீதம் போட்டால் 2,866 ரூபாய் 50 காசு.

இரண்டுக்கும் நடுவில் குவிண்டாலுக்கு 683 ரூபாய். சண்டை இந்த 683 ரூபாய்க்குத்தான் என்று சொல்லிவிடலாம். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைகிறது, வீட்டுக்கு மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போகத்துக்கு 51 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு, அல்லது கமிஷன் ஏஜெண்டிடம் வாங்கிய கடனில் ஒரு தவணை.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இந்தச் சண்டையில் இருக்கிறார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம்தான் 2006-இல், உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக ஆதரவு விலை இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்தச் செலவு என்பதில்தான் தகராறு. விவசாயிகள் சி2 என்கிறார்கள். அரசு 2018 பட்ஜெட்டுக்குப் பிறகு ஏ2 பிளஸ் எஃப்.எல். என்று எடுத்துக்கொண்டது. 2024 பிப்ரவரி 9 அன்று சுவாமிநாதனுக்கு பாரத ரத்னா அறிவித்தார்கள். நாலே நாள் கழித்து, பிப்ரவரி 13 அன்று, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு டெல்லிக்குக் கிளம்பிய விவசாயிகளை ஷம்பு எல்லையில் கான்கிரீட் தடுப்பும் டிரோனிலிருந்து விழுந்த கண்ணீர்ப்புகைக் குண்டும் வரவேற்றன.

சரி, அந்த எஃப்.எல். கட்டத்துக்குத் திரும்புவோம். குடும்ப உழைப்பு என்றால் யாருடைய உழைப்பு?

நான் வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம். ஆறாவது ஏழாவது படிக்கும்போது நடவு நாளில் வரப்பில் நின்னு நாத்து முடியை நடவுக்காரங்களுக்கு எட்டுற மாதிரி வீசுறது என் வேலை. அறுவடைக்கு அப்புறம் களத்தில் காயுற நெல்லைக் காலால் கிண்டி விடுறது, கோழி விரட்டுறது. கொள்முதல் நிலையத்துல ஈரம் ஜாஸ்தின்னு நெல்லைத் திருப்பிக் காயவைக்கச் சொல்லிட்டா, ராத்திரி அங்கேயே தார்ப்பாய்க்குப் பக்கத்தில் தாத்தாகூடப் படுத்துக்குவேன். தூறல் விழுந்தா எழுப்புவார். "தம்பி, அந்த முனையைப் பிடிடா" என்பார். அவ்வளவுதான். தார்ப்பாயின் ஒரு முனைக்கு ஒரு ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் ஏ2-வில் வந்திருக்கும். பேரன் பிடித்ததால் அது எஃப்.எல்.

இதை எல்லாம் யாரும் குழந்தைத் தொழில் என்று சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். சந்தோஷமாகத்தான் செய்தேன் (கோழி விரட்டுவது தவிர). ஆனால் பண்ணைப் பொருளாதாரப் பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வேலையை 'ஆள்-நாள்' என்று ஒரே அலகுக்கு மாற்றும்போது, ஒரு பிள்ளையின் ஒரு நாள் வேலையை ஒரு ஆணின் அரை நாளாக எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். பெண்ணுக்கும் முழு மதிப்பு இல்லை, முக்காலோ மூன்றில் இரண்டோதான். அது தனிச் சண்டை, இன்னொரு நாள் எழுதுகிறேன். பிள்ளை அரை ஆள்! என் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால், "அரை ஆள் மாதிரியா சாப்பிடுறே?" என்று கேட்டிருப்பார்.

சட்டமும் இதை ஏற்றுக்கொள்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016-இல் கொண்டுவந்த திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது. ஆனால் பள்ளி நேரம் முடிந்தோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத வேலையில் சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம் என்று விதிவிலக்கு. வயல் வேலையில் எது ஆபத்து, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வரப்புக்கு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

ஆக, விவசாயி வீட்டுப் பிள்ளை விதைக்கும்போது இருக்கிறது, காயவைக்கும்போது இருக்கிறது. விலை நிர்ணயிக்கும் கணக்கிலும், பெயர் இல்லாமல் அரை ஆளாக, எஃப்.எல். என்ற இரண்டு எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த விலை போதாது என்று அப்பாவும் அம்மாவும் தெருவுக்கு வரும்போதுதான், இந்தப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று எல்லோரும் கேட்கிறோம்.

இதைச் சொன்னால், "அப்போ குழந்தைகளைப் போலீஸ் முன்னாடி நிறுத்தலாம்னு சொல்றியா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. இங்கேதான் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன்.

2020 நவம்பர் 26 முதல் 2021 டிசம்பர் வரை டெல்லி எல்லைகளில் சிங்கு, திக்ரி, காசிப்பூர் என்று மூன்று இடங்களில் டிராக்டர் டிராலிகளே வீடாக ஒரு வருடத்துக்கும் மேல் விவசாயிகள் இருந்தார்கள். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து. கோரிக்கைப் பட்டியலில் ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதமும் இருந்தது. பஞ்சாபில் நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் அரசு கொள்முதலுக்குப் போவதால், ஆதரவு விலை என்பது அங்கே நிஜமான விலை. நாட்டின் மற்ற பகுதிகளில் பல பேருக்கு அது பேப்பரில் இருக்கும் விலை. அதனால்தான் போராட்டமும் அங்கிருந்தே வந்தது.

அங்கே குழந்தைகள் இருந்தார்கள். கோவிடால் பள்ளிகள் மூடியிருந்த சமயம். டிராலிக்குள் உட்கார்ந்து போனில் ஆன்லைன் வகுப்பு கேட்டார்கள். முகாம்களில் சின்னச் சின்ன நூலகங்கள் வந்தன. காசிப்பூரில் சாவித்திரிபாய் பூலே பெயரில் ஒரு பாடசாலையே நடந்தது. அதில் படித்தவர்கள் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, அக்கம்பக்கக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளும். 2021 ஜனவரியில் அன்றைய தலைமை நீதிபதி எஸ்.ஏ. போப்டே, பெண்களையும் முதியவர்களையும் ஏன் போராட்டத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, பெண்கள் பலர் எங்களை யாரும் 'வைத்திருக்கவில்லை', நாங்களும் விவசாயிகள்தான் என்று பதில் சொன்னார்கள்.

அந்த முகாம் ஒருவிதத்தில் இடம் மாறிய கிராமம். குடும்பம் முழுக்க அங்கே இருக்கும்போது பிள்ளையை மட்டும் எங்கே விடுவது? ஆனாலும் குளிர் இருந்தது. டெல்லிக் குளிரை லேசாக நினைக்கக்கூடாது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஷாஹீன் பாக் போராட்டத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட ஒரு நான்கு மாதக் குழந்தை இறந்து, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது நினைவிருக்கலாம்.

2024-இல் ஷம்புவும் கனௌரியும் வேறு மாதிரி இடங்கள். கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டும் பாயும் எல்லைக்கோடு. கண்ணீர்ப்புகை காற்றைவிடக் கனமானது, தரைக்குப் பக்கத்தில்தான் அடர்த்தியாக நிற்கும். பிள்ளைகள் உயரம் குறைவு, மூச்சு வேகம் அதிகம், நுரையீரல் சின்னது. பெரியவர் இருமிவிட்டு நடந்துபோகும் அளவு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம். அங்கே பிள்ளையைக் கூட்டிப்போனது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அளவில் நீதிமன்றம் சொன்னது சரி. ஆனால் புகைக்குண்டை மேலே இருந்து போட்டவர்களுக்கும் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பொறுப்பு உண்டு. டிரோனில் கேமரா இருக்கும்தானே.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. பலருக்குத் தெரியாத விஷயம், அதன் 15-ஆவது பிரிவு குழந்தைகளுக்கும் அமைதியாகக் கூடும் உரிமை உண்டு என்கிறது. 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் கருத்தை வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் கேட்கச் சொல்கிறது. 3-ஆவது பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'கூடவே கூடாது' என்றும் வராது, 'எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போ' என்றும் வராது. பதினாறு வயதுப் பெண் தன் வீட்டு நெல் விலைக்காகப் பேசுவதும், நான்கு வயதுப் பையனிடம் மைக்கைக் கொடுத்துக் கோஷம் போடச்சொல்லி வீடியோ எடுப்பதும் ஒன்றில்லை. இரண்டாவது எனக்கு எரிச்சலைத் தருகிறது. அது போராட்டமானாலும் சரி, கட்சி மாநாடானாலும் சரி. அந்தப் பையன் பேசுவது அவன் பேச்சில்லை.

இன்னொரு நெருடலும் உண்டு. பஞ்சாபில் ஒவ்வொரு ஆண்டும் மண்ணுக்குள் ஊறுவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் நிலத்தடி நீரை இறைக்கிறார்கள், முக்கியமாக நெல்லுக்கு. அங்கே நெல் அவர்கள் சாப்பாட்டுப் பயிரே இல்லை, விலை உறுதி என்பதால் வந்த பயிர். அந்த விலையை உயர்த்தி உறுதி செய்தால் அப்பாவின் கடன் அடையும், பையன் பெரியவனாகும்போது போர்வெல்லில் தண்ணீர் இருக்குமா என்பது வேறு கேள்வி. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பருப்பு, மக்காச்சோளம், பருத்திக்கு ஐந்தாண்டு ஆதரவு விலை ஒப்பந்தம் தருகிறோம் என்றது. விவசாயிகள் மறுத்தார்கள். 23 பயிருக்கும் கேட்கிறவர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் பக்கக் காரணம் புரிகிறது. ஆனாலும் தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

என் பையனிடம் எக்செல் ஷீட்டைக் காட்டி விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அந்த அரை ஆளோட காசு யார்கிட்ட போச்சு?" என்றான். தாத்தாகிட்ட என்றேன். "தாத்தா உங்களுக்குக் குடுத்தாரா?" பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார் என்றேன். அவனுக்கு அந்தப் பதிலில் அவ்வளவாகத் திருப்தியில்லை.

ஷம்பு, கனௌரி முகாம்களை பஞ்சாப் போலீசார் 2025 மார்ச் 19 அன்று கலைத்தார்கள். மே மாதக் கடைசியில் 2025-26 காரிஃப் விலை வந்தது. ஏ2 பிளஸ் எஃப்.எல். 1,579. நெல்லுக்கு 2,369 ரூபாய்.