பாடசாலைக்குக் கூட்டுநடை: பெற்றோர் கருத்துப் பற்றிய ஒரு நோக்கு

அயலிலுள்ள பிள்ளைகளை ஓர் அணியாகச் சேர்த்து, வளர்ந்தோர் ஓரிருவரின் மேற்பார்வையில், குறித்த வழியாற் குறித்த நேரத்திற் பாடசாலைக்கு நடத்திச் செல்லும் முறை மேலைநாடுகளில் 'நடைப் பேருந்து' என வழங்கப்படுகின்றது. பேருந்துக்குப் போலவே இதற்கும் தரிப்பிடங்கள் உண்டு. அங்கு காத்து நிற்கும் பிள்ளைகள் அணியுடன் இணைந்து கொள்வர். இக்கருத்தை அவுஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் 1990களின் தொடக்கத்தில் முன்வைத்தார். மூத்த மாணவர் தலைமையிற் பிள்ளைகள் கூட்டாகச் செல்லும் வழக்கம் யப்பானில் அதற்கு முன்னரே நிலவியது. இம்முறை பற்றிப் பெற்றோர் கொண்டுள்ள கருத்துக்களை ஈண்டு நோக்குவோம்.

இதன் தேவை எவ்வாறு எழுந்தது என்பதை இங்கிலாந்தின் அனுபவம் விளக்கும். மேயர் ஹில்மனும் பிறரும் 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 80 பேர் பெரியோர் துணையின்றிப் பாடசாலை சென்றனர். 1990இல் அத்தொகை 9 ஆகக் குறைந்தது. வீதி விபத்தும் அந்நியரால் நேரக்கூடிய தீங்கும் பெற்றோரின் அச்சத்துக்குத் தலையாய காரணங்களாயின. அச்சமுற்றோர் பிள்ளைகளை மோட்டார் வாகனங்களில் ஏற்றிச் செல்ல, பாடசாலை வாயிலில் வாகனங்கள் பெருகின. அப்பெருக்கமே நடப்போருக்கு ஆபத்தாகி, ஏனைய பெற்றோரையும் வாகனத்தை நாடச் செய்தது.

இச்சுழலிலிருந்து விடுபட வழிசெய்வதாலேயே பெற்றோர் பலர் கூட்டுநடையை வரவேற்கின்றனர். பிள்ளைக்குப் பாதுகாப்பும் உடற்பயிற்சியும் கிட்டுகின்றன; முறைவைத்துத் துணைசெல்வதால் ஏனைய நாட்களிற் பெற்றோருக்கு நேரம் மிஞ்சுகின்றது; அயலவரிடையே பழக்கமும் வளர்கின்றது. எனினும், பெரியோர் கண்காணிப்பில் நடக்கும் பிள்ளை தனித்து வீதியைக் கடக்கும் ஆற்றலை எப்போது பெறும் என்ற வினாவும் எழாமலில்லை.

ஆயின், உடன்பாடு வேறு, பங்கேற்பு வேறு. திட்டத்தை மெச்சும் பெற்றோர் அனைவரும் காலைவேளையில் அணிக்குத் துணைசெல்ல இயலுவதில்லை. வேலை நேரம், கைக்குழந்தையின் பராமரிப்பு, பிறர் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கும் தயக்கம் என்பன குறுக்கிடுகின்றன. தொண்டர் கிடையாமையால் அணிகள் கலைந்து போதலும் உண்டு. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் டேமியன் கொலின்ஸ், றொபின் கேர்ண்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வுகள் இதன் விளைவைத் தெளிவாகக் காட்டின. நடைப் பேருந்துகள் பெரும்பாலும் வசதிபடைத்த பகுதிகளிலேயே இயங்கின. வீதியிற் பிள்ளைகள் காயமுறுதல் மிகுந்திருந்த வறிய பகுதிகளில் அவை அரிதாகவே காணப்பட்டன.

எனவே, வறிய பகுதிகளில் அணிகள் அமையாமையைப் பெற்றோரின் அக்கறையின்மை எனக் கொள்ளுதல் தவறாகும். அக்கறை எங்குமுளது, ஓய்வுநேரமே எங்குமில்லை. பெற்றோரின் தொண்டை மட்டும் நம்பியிருக்கும் திட்டம், தேவை குறைந்தவிடத்துத் தழைத்துத் தேவை மிகுந்தவிடத்து வாடும். வேதனம் பெறும் துணைவர்களை அமர்த்துதலும், பாடசாலைச் சூழலில் வாகன வேகத்தைக் கட்டுப்படுத்துதலும் பொது நிறுவனங்களின் கடன் என்பதே நாம் பெறும் முடிவாகும்.