திரும்பி வரும் அடி

பாட்டில் ஒரே அடி அடிக்கடி வந்தால், "சொன்னதையே எத்தனை தடவைதான் சொல்வது?" என்று சிலருக்குத் தோன்றும். சொல் அதேதான், ஆனால் இடையில் வரும் அடிகள் அதன் தொனியை மாற்றிவிடுகின்றன. இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மேலைநாட்டில் 'வில்லனெல்' என்றொரு கவிதை வடிவம் உண்டு. மொத்தம் 19 அடிகள். முதலடி 6, 12, 18 ஆகிய இடங்களிலும், மூன்றாமடி 9, 15, 19 ஆகிய இடங்களிலும் திரும்ப வரும். நோயுற்ற தந்தையை எண்ணி டிலன் தாமஸ் எழுதி, 1951-இல் வெளியான கவிதை இதற்குப் பேர்போனது. முதலில் பொதுவான அறிவுரைபோல் ஒலிக்கும் அடிகள், கடைசியில் தந்தையையே நேரே அழைத்ததும் கெஞ்சலாகிவிடுகின்றன.

நமக்கு இது புதுசா என்ன? மைசூரில் தனுர்மாசம் என்று சொல்லும் மார்கழியில் திருப்பாவை கேட்கிறோமே! அதன் 30 பாசுரங்களும் பாவையை விளிக்கும் ஒரே தொடரில்தான் முடிகின்றன. முதல் 5 பாசுரங்களில் அத்தொடரில் நோன்புக்குக் கூட்டும் உற்சாகம். 6 முதல் 15 வரை, தூங்கும் தோழியரை எழுப்பும் கேலியும் செல்லக் கோபமும். 29-இல், கேட்டது பறையை அல்ல, என்றென்றைக்குமான தொண்டையே என்று மனம் திறந்த பிறகு, அதே தொடர் சரணாகதியாகிறது. 30-இல் ஆண்டாள் தன் பெயரைச் சொல்லிப் பலன் கூறும்போது, பாடுகிற எல்லாருக்குமான வாழ்த்தாகிறது.

கீர்த்தனையில் பல்லவி செய்வதும் இதுவே. நெல்லைச் சீமையிலிருந்து வந்து மைசூர் ஆஸ்தான வித்வானான ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945), சாமுண்டேஸ்வரி மீது 108 கன்னடக் கிருதிகள் இயற்றினார். அவற்றைப் பாடும்போது கவனியுங்கள்: சரணம் முடிந்து திரும்பும் பல்லவி, சரணத்தின் பொருளையும் சேர்த்துச் சுமந்து வரும்.

விழா மேடையில் நேரம் போதாவிட்டால் நாம் முதலில் வெட்டுவது இந்தத் திரும்புகையைத்தான். தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் நம் பிள்ளைகளுக்கு, சட்டென்று மனசில் பதிவது அந்தத் தொடர்தானே? அதையும் எடுத்துவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு மற்ற அடிகளுக்குப் போவார்கள்? அதை வெட்டாமல், ஒவ்வொரு முறை வரும்போதும் "இப்போ யார், யாரிடம், எந்த மனநிலையில் சொல்கிறார்?" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல, நடுவிலுள்ள அடிகளின் பொருளை அவர்களே தேடுவார்கள்.