21 - 18 = 3... இதான் சார் ஷிப்ட் சண்டை!

"ஏனுங்க, கோணியம்மன் தேருக்கு லீவு கேட்டிருந்தேன்... நைட் ஷிப்ட்டுல போட்டுட்டீங்களே?"

"அதென்னங்க, எனக்கு மட்டும் ரெண்டு வாரமா நைட்டே வருது?"

சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் சார்ட்டை ஒட்டியதும் டைம் ஆபீஸ் வாசலில் நடக்கும் கச்சேரி இது. பி.காம். முடித்த சூட்டோடு, கணபதியில் ஒரு பட்டறையில் நானும் கொஞ்ச நாள் இந்தச் சார்ட் போட்டவன். பென்சிலைவிட ரப்பர்தான் அதிகம் தேய்ந்தது!

'இதென்ன பிரமாதம்?' என்கிறீர்களா? ஒரே மெஷின். ஆள் நாலு பேர். ஒவ்வொருத்தருக்கும் தினமும் பகல், அரை நைட், முழு நைட், லீவு - நாலில் ஒன்று. ஒரு வாரச் சார்ட்டை எத்தனை விதமாக எழுதலாம் தெரியுமா? சுமார் 720 கோடிக் கோடி! அதில் உருப்படியான ஒன்றைத் தேடணும்.

இங்கேதான் கை கொடுக்கிறது 'ப்ரோலாக்'. பிரான்ஸில் மார்செய் நகரத்து அலன் கோல்மரோயர் குழு, பிரெஞ்சு வாக்கியங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கப் போய், 1972-ல் உருவாக்கிய மொழி. மற்ற மொழிகளில் 'முதலில் இதைச் செய், அப்புறம் அதைச் செய்' என்று படிப்படியாகச் சொல்லணும். இதில் அப்படியில்லை. கல்யாணத் தரகரிடம் 'ஜாதகம் பொருந்தணும், உள்ளூரா இருக்கணும்' என்று மட்டும் சொல்கிறோமே, அதே கதைதான். எந்தத் தெருவில் தேடுவது என்பது தரகர் பாடு!

'வாரம் ஒரு நாள் லீவு. ஒரு நாளைக்கு ஒரு ஷிப்ட். முழு நைட் முடித்தவருக்கு மறுநாள் பகல் கிடையாது.' இப்படி விதிகளை எழுதினால் போதும். போட்டுப் பார்க்கும், இடித்தால் அழிக்கும், வேறு மாதிரி போடும். நான் செய்த அதே வேலைதான். அதுக்குக் கை வலிக்காது!

இத்தாலியில் ஜோயா தாவ்ரோ துறைமுகத்தில் கப்பலுக்குக் கப்பல் ஆள் பிரிக்க இதே வம்சத்து மொழி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். 'கஷ்டமான வேலை ஒருத்தர் தலையிலேயே விழக் கூடாது' என்பதையும் ஒரு விதியாகவே எழுதினார்கள்.

அந்த விதிதான் எங்கள் பட்டறையில் இல்லை. நாலு பேரில் ஒருத்தர் நின்றுவிட, "மூணு ஷிப்ட்டுக்கு மூணு பேர் போதாதா தம்பி? உனக்குச் சார்ட் போடத் தெரியலை" என்றார் முதலாளி. நானும் நம்பினேன். பாக்கி ஷிப்ட்டையெல்லாம், வாயே திறக்காத ஒருத்தர் தலையில் கட்டினேன். மாசக்கணக்கில் லீவில்லாமல், டபுள் ஷிப்ட்டும் பார்த்தார் மனுஷர்.

ரொம்ப நாள் கழித்து அதே கணக்கை ப்ரோலாக்கில் போட்டேன். ஒரே வார்த்தையில் பதில்: 'இல்லை.' அப்புறம்தான் உறைத்தது. வாரத்துக்கு 21 ஷிப்ட். மூணு பேர், ஆளுக்கு ஆறு நாள் - 18. மீதி 3 ஷிப்ட்டை எந்தச் சாமி வந்து பார்க்கும்? பி.காம்.காரனுக்கு இந்தக் கழித்தல் அன்றைக்கே வந்திருக்கணும்!

உங்கள் ஆபீஸிலும் சார்ட் இடித்தால், போடுகிறவரைத் திட்டுமுன் ஒரு தடவை கழித்துப் பாருங்கள்.

வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஷிப்ட்டுக்கும் ப்ரோலாக்கைக் கேட்டேன். ஆள் ரெண்டு, மனைவி சொன்ன விதி ஒண்ணே ஒண்ணு. அரை நொடியில் விடை: ஏழு நாளும் நான்தான்!