ஏழடி பையனை ஏன் பாயிண்ட் கார்டா ஆட விடணும்?

பஸ்ஸர்பீட்டர்னு ஒரு ஆன்லைன் பாஸ்கெட்பால் மேனேஜர் விளையாட்டு. 2007-லிருந்து ஓடிக்கிட்டு இருக்கு. கலர் கலரான கிராபிக்ஸை எதிர்பார்த்துப் போகாதீங்க. உங்களுக்கு ஒரு கிளப் கொடுப்பாங்க. ஆள் வாங்கலாம், விற்கலாம், யார் எந்த இடத்தில் ஆடணும்னு எழுதி வைக்கலாம், வாரத்துக்கு ஒரு திறனைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கலாம். ஆட்டத்தை சர்வர் ஆடிக்கும். எக்செல் ஷீட் பிடித்தவர்களுக்கான விளையாட்டு. என்னைத்தான் சொல்கிறேன்.

எனக்கு டிராஃப்டில் ஒரு பையன் கிடைத்தான். வயது 18, உயரம் ஏழடி. நல்ல பொட்டன்ஷியல். ஏழடின்னா சென்டர் தானே? மூன்று சீசன் விடாமல் ரீபவுண்டிங், இன்சைட் டிஃபென்ஸ், இன்சைட் ஷாட் மட்டும் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை பயிற்சி அப்டேட் வரும்போதெல்லாம் ஒரு திறன் ஏறியிருக்கும், மனசு குளிரும். அவன் 21-ஐத் தொட்டபோது அவன் சம்பளம் என் கிளப்பைத் தின்ன ஆரம்பித்தது. விற்கப் போட்டால் வாங்க ஆளில்லை. பந்தைக் கையில் வாங்கினால் தொலைத்துவிடுகிற சென்டருக்கு அவ்வளவு சம்பளம் யார் கொடுப்பாங்க?

எங்கே தப்பு என்று பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

இந்த விளையாட்டில் ஒரு வீரரின் சம்பளம், ஐந்து இடங்களில் எந்த இடத்துக்குக் கணக்குப் போட்டால் அதிகம் வருதோ, அதை வைத்து முடிவாகிறது. சென்டருக்கு உள்திறன்கள் ஏற ஏற சம்பளம் எகிறும். ஆனால் அதே ஆளுக்குப் பந்து கையாளல், டிரைவிங், பாஸிங், அவுட்சைட் டிஃபென்ஸ் ஏற்றினால் சம்பளம் பெரிசா அசையாது. கிட்டத்தட்ட இலவசம். களத்தில் அதெல்லாம் உதவுது. பந்து தொலைவது குறையும், எதிரணி ஷாட்டும் கஷ்டமாகும். பொட்டன்ஷியல் என்கிற உச்சவரம்பும் இதே மாதிரிதான்: ஒரே பக்கமாக வளர்ந்தவன் சீக்கிரம் முட்டி நிற்பான், பரவலாக வளர்ந்தவனுக்கு மொத்தத்தில் அதிகம் சேரும்.

அப்போ வெளித்திறனைக் கடைசியில் ஏற்றிக்கலாமே? முடியாது. வயது ஏற ஏற பயிற்சி மெதுவாகிறது. உயரமானவனுக்கு உள்திறன் வேகமாக வரும், வெளித்திறன் மெதுவாக வரும். மெதுவாக வருவதை வேகமான வயதில்தான் முடிக்கணும். அதோடு, ஒன்றுக்கொன்று தொடர்புள்ள திறன்கள் ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி: ஒன்று மேலே போய் அதன் ஜோடி கீழே கிடந்தால், கீழே இழுக்கும். ஜம்ப் ஷாட் இல்லாமல் ரேஞ்சை மட்டும் ஏற்றிப் பாருங்கள், புரியும்.

சீசனுக்கு 14 வாரம். 18 முதல் 21 வயது வரை நான்கு சீசன், 56 வெள்ளிக்கிழமை. அவ்வளவுதான் உங்கள் பட்ஜெட்.

இனிதான் வலிக்கும் இடம். பயிற்சி கிடைக்கணும்னா அந்தத் திறனுக்கு உரிய இடத்தில் பையன் ஆடியிருக்கணும். முழுப் பலன் கிடைக்க வாரத்தில் 48 நிமிடம், அதாவது ஒரு முழு ஆட்டம். வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்று வைத்தால் ஒரு இடத்துக்கு 144 நிமிடம், மூன்று பேருக்கு முழுப் பயிற்சி. இரண்டு இடத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் ஆறு பேர், ஆனால் ஒவ்வொருத்தருக்கும் வேகம் குறையும். அவுட்சைட் டிஃபென்ஸுக்கு பிரெஷர் பயிற்சி. ஒரே இடத்துக்குக் கொடுத்தால் அது பாயிண்ட் கார்டுக்கு மட்டும்தான். ஆக, ஏழடிப் பையன் பாயிண்ட் கார்டாக ஆடணும். பந்தைக் கொண்டுவரத் தெரியாதவன் 48 நிமிடம் பந்தைக் கொண்டுவருவான். ஸ்கோர் போர்டைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

லீக் இல்லாத பயிற்சி ஆட்டத்தில் ஒருவனை இப்படி ஆட விடலாம், நஷ்டமில்லை. மற்ற இரண்டு பேர் லீக் ஆட்டங்களில்தான் ஆடியாகணும். பேராசைப்பட்டு ஒரே பையனை மூன்று ஆட்டமும் ஓட விட்டால் அவன் கேம் ஷேப் கெடும். பலவீனமான எதிரணி வரும் வாரத்தில் பிரெஷர், பலமான எதிரணி வந்தால் ஒன் ஆன் ஒன் என்று மாற்றிக்கொள்கிறேன். பின்னதை ஃபார்வர்டுகளுக்கும் கொடுக்கலாம். உயரமானவன் பவர் ஃபார்வர்டாக நின்றே கையாளலும் டிரைவிங்கும் கற்பான், ஜம்ப் ஷாட்டும் கொஞ்சம் சேரும். அணியும் அவ்வளவு மோசமாக அடி வாங்காது.

இன்னொன்று: லைன்-அப்பில் அவன் பெயருக்கு மாற்று ஆள் போட்டு, மீதியைக் கோச் பார்த்துப்பார் என்று விட்டுவிடாதீர்கள். 31 நிமிடத்தில் வெளியே உட்கார வைத்துவிடுவார், அந்த வாரம் முழுப் பலன் கிடைக்காது. எனக்கு இரண்டு முறை ஆனது.

இப்போது இரண்டாவது ஏழடிப் பையன் இருக்கிறான், வயது 19. முதல் சீசன் முழுக்க ஒரு உள்திறன்கூடத் தொடவில்லை. டிவிஷனில் கீழே இறங்காமல் கடைசி வாரம்தான் தப்பித்தேன். ரீபவுண்டிங் இன்னும் பரிதாபமாகத்தான் இருக்கு, அதற்கு அவசரமில்லை. பாஸிங் மட்டும் ஐந்து வாரமா அசையவே இல்லை. திறனின் முழு எண்ணைத்தான் காட்டுவார்கள், உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்குன்னு காட்ட மாட்டார்கள். என் ஷீட் கணக்குப்படி இந்த வெள்ளியோ அடுத்த வெள்ளியோ ஏறணும்.