பதஷ்ட் தோட்டத்தில் விலகிய திரை

பாப் என்ற இளைஞர் 1844-இல் ஷிராஸ் நகரில் தம்மை வெளிப்படுத்திக்கொண்டதையும், அவரை முதன்முதலாக ஏற்ற பதினெண்மரையும் சென்ற வாரம் கண்டோம். அவர்களுள் ஒருவர் மட்டுமே ஸ்திரீ. குருவை ஒருமுறையேனும் நேரில் தரிசிக்காதவர். கஸ்வீன் நகரத்து மார்க்க பண்டிதர் ஒருவரின் புதல்வியாகப் பிறந்து, இவள் ஆணாயிருந்தால் நம் பீடத்துக்கு வாரிசு கிடைத்திருக்குமே என்று தகப்பனாரே ஏங்கியதாகச் சொல்லும் அளவுக்குக் கற்று, கர்பலாவில் திரைக்குப் பின்னே அமர்ந்தபடி ஆண் மாணாக்கர்களுக்குப் பாடம் சொன்ன கவியரசி தாஹிராவே அவர்.

1848-ஆம் ஆண்டுக் கோடையில், பதஷ்ட் என்னும் சிற்றூரில், பின்னாளில் பஹாவுல்லா என உலகறிந்த மீர்ஸா ஹுசைன் அலி வாடகைக்கு அமர்த்திய மூன்று தோட்டங்களில் சீடர்கள் கூடினர். பழைய ஷரியத்தின் கிளையாகவே இருந்துவிடுவதா, அதனின்று அறவே பிரிந்து நிற்பதா என்பதே அங்கு எழுந்த வினா. தர்க்கம் முற்றியிருந்த ஒரு நாள், தாஹிரா முகத்திரையின்றி அச்சபையில் பிரவேசித்தார். ஒருவர் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டு இரத்தம் வழிய வெளியே ஓடினார்; வேறு சிலர் மார்க்கத்தையே துறந்தனர். ஒரு பெண்ணின் முகம் தெரிந்ததால் யுகமே முடிந்துவிட்டதென்று அவர்கள் அஞ்சியது ஒருவகையில் சரியே. அவர் அறிவிக்க வந்ததும் அதைத்தான். நான்காண்டுகளுக்குப் பின் டெஹ்ரானில், இரவு வேளையில், ஒரு தோட்டத்தில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

ஈசுவர சந்நிதானத்தில் ஆண் பெண் என்ற ஏற்றத்தாழ்வு இல்லையென்று, பாபின் வழிவந்து பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா பிற்பாடு எழுதிவைத்தார். அவருடைய குமாரர் அப்துல் பஹா, 1911 முதல் 1913 வரை மேல்நாடுகளில் யாத்திரை செய்தபோது, மானிட குலத்தை இரு சிறகுள்ள பறவையாக உருவகித்தார். அவ்வுருவகத்தைக் காட்டிலும், இருவரையும் படிக்கவைக்க வசதியற்ற பெற்றோர் பெண்ணையே முதலில் படிக்கவைக்க வேண்டும் என்ற விதி என்னைக் கவர்கிறது. உருவகத்தை மெச்சிவிட்டு எவரும் எழுந்து போய்விடலாம். இதுவோ குடும்பத்தின் வரவுசெலவிலேயே கைவைக்கிறது. அவள் நாளை தாயாகிப் பிள்ளைகளின் முதல் ஆசிரியை ஆவாள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் பழையதுதான், ஆயினும் டெஹ்ரானில் பஹாய் சமூகத்தார் நிறுவிய பெண்கள் பள்ளி, 1934-இல் அரசு மூடும் வரையில், அந்த விதிக்குச் சாட்சியாக நின்றது.

ஆனால் சாஸ்திரம் சொன்ன வேகத்தில் ஸ்தாபனம் நடக்கவில்லை. சிகாகோவின் உள்ளூர்ச் சபையில் ஆடவர் மட்டுமே இருந்த வழக்கம், பெண்கள் ஓயாமல் முறையிட்டபின், அப்துல் பஹாவின் ஆணையால் 1912-இல் மாறிற்று. தாஹிரா பிறந்த ஈரானிலோ, பெண்கள் சபைகளில் அங்கம் வகிக்க 1954 வரை காத்திருக்க நேர்ந்தது. பதஷ்டிலிருந்து எண்ணினால் 106 ஆண்டுகள்! 1963-இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, பஹாய்களின் உச்ச அமைப்பான உலக நீதி மன்றத்தின் ஒன்பது உறுப்பினர் பதவிகளோ இன்றளவும் ஆடவருக்கே உரியவை. இதன் தாத்பரியம் காலப்போக்கில் நண்பகல் சூரியனைப்போல் விளங்கும் என்று அப்துல் பஹா கூறிச்சென்றதைப் பக்தர்கள் எடுத்துக்காட்டுவர். உறுப்பினருக்குத் தனிப்பட்ட அதிகாரம் ஏதுமில்லை என்றும், அவர்களைத் தெரிந்தெடுக்கும் தேசிய சபைகளில் பெண்களும் உண்டு என்றும் சொல்வர். இரண்டும் உண்மையே, கேட்ட கேள்விக்கு மட்டும் அவை விடையாகவில்லை.

இவ்விடைக்காகக் காத்திராமல் காரியத்தில் இறங்கியவர்களும் உண்டு. பம்பாயில் பிறந்து, 1950-இல் சிங்கப்பூரில் குடியேறி, 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனம் உருவாகப் பாடுபட்ட ஷிரின் ஃபோஸ்தார் அம்மையாரை அடுத்த வாரம் சந்திப்போம்.